தனக்கொடி வாய் மூடியிருந்த நாட்கள்

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூன் சேலியமேட்டில் தனக்கொடியின் முகத்தைப் பார்க்காதவர்கள் சிலர் இருக்கலாம். குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வீடு தாண்டுவதற்குள், அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, எந்த மாடு பால் மறுக்கிறது, வில்லியனூரில் இருக்கும் மருமகள் போனில் என்ன சொன்னாள் என்பதெல்லாம் காதில் வந்து விழுந்துவிடும். வெளியூர்க்காரர்கள் சண்டை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டையெல்லாம் இல்லை, அவள் சாதாரணமாகப் பேசுவதே அப்படித்தான். சண்டை போட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

அவள் புருஷன் வைத்தியலிங்கம் இதற்கு நேர் எதிர். இரண்டு காணி நெல், ஒரு காணி கரும்பு, ஒரு மோட்டார் கொட்டகை, இவற்றுக்கு நடுவில் அறுபது வயது வரைக்கும் வாயைத் திறக்காமலே வாழ்ந்து காட்டிய மனிதர். தனக்கொடி பிறந்த ஊரான சுத்துக்கேணிக்குப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கேசரியைத் தின்றார், காப்பியைக் குடித்தார், தரையைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். "யம்மா, அவுரு ஊமையான்னு கொஞ்சம் வெசாரிங்க" என்று தனக்கொடி அம்மாவிடம் சொன்னாள். விசாரித்து வர அவள் தம்பி நாகராஜனைச் சைக்கிளில் அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்து, "பேசறாருக்கா. மாட்டுகிட்ட பேசறாரு" என்றான். கல்யாணம் நடந்தது.

முதல் வருஷம் தனக்கொடி நியாயமாகத்தான் நடந்துகொண்டாள். யாராவது அவரை ஏதாவது கேட்டால், அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்து பார்த்தாள். அவர் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போடுவார். கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பார். இரண்டாம் வருஷம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அன்றிலிருந்து அவரிடம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் இவளே பதில். கரண்டு ஆபீசில், ரேஷன் கடையில், கரும்பு வெட்ட வருகிறவர்களிடம், கல்யாணப் பந்தியில். "இவுருக்கு புளிசாதம் ஒத்துக்காது, வெக்காதீங்க" என்று ஒரு பந்தியில் சொல்லிவிட்டாள். அவருக்குப் புளிசாதம் என்றால் உயிர். ஆனால் அதை மறுப்பதற்கு ஒரு வாக்கியம் பேச வேண்டும். அதற்குப் புளிசாதத்தை விட்டுவிடுவதே மேல் என்று அவர் விட்டுவிட்டார்.

இப்படியே முப்பத்தைந்து வருஷம் ஓடியது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. போன சித்திரையில்தான் அவர் கழுத்தில் கட்டி வந்தது.

நெல்லிக்காய் அளவில், வலியில்லாத கட்டி. சாயங்காலமானால் காய்ச்சல். தூங்கி எழுந்தால் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. வேட்டி இடுப்பில் நிற்காத இளைப்பு. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மகன் புகழ்வேந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இது நெறிகட்டுகிற இடங்களில் வருகிற புற்றுநோய், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை, சில மாதம் டிரிப்ஸில் மருந்து ஏற்றினால் நல்லபடியாக ஆக வாய்ப்புண்டு என்றார்கள். புகழ் அம்மாவிடம் சொன்னான். தனக்கொடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சட்டம் போட்டாள்.

"அவுருகிட்ட யாரும் மூச்சு வுடக்கூடாது. கட்டின்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பேரு வூட்டுக்குள்ள வரக்கூடாது."

வார்டு வாசலில் அந்தப் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் பலகையாகவே மாட்டி வைத்திருந்தார்கள். வைத்தியலிங்கம் உள்ளே போகிறபோதெல்லாம் தனக்கொடி முன்னால் ஓடிப்போய் பலகைக்கு முதுகைக் காட்டிக் கைகளை விரித்துக்கொண்டு நிற்பாள். அவள் உயரம் ஐந்தடிக்கும் குறைச்சல். பலகை அவள் தலைக்கு மேலே இருந்தது. அவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போவார். நல்ல வேளை பார்க்கவில்லை என்று இவள் பெருமூச்சு விடுவாள்.

டாக்டர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவரிடம் பேசினால் எங்கே வாய் தவறி அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று அவர்களும் எதுவானாலும் தனக்கொடியிடமே கேட்டுக்கொண்டார்கள். பசிக்கிறதா, தூங்கினாரா, வெளிக்குப் போனாரா என்று எல்லாவற்றுக்கும் இவளே பதில். வைத்தியலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ ஒருவரின் உடம்பைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மருந்து வேலை செய்தது. தலைமுடி போனது, கூடவே கட்டியும் போனது. ஆடி மாதத்துக்குள் காய்ச்சல் நின்றுவிட்டது. பாதி மருந்து ஏற்றியாகிவிட்டது, மீதியை மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. மருந்தினால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, சர்க்கரை வேறு இருக்கிறது, கூட்டத்துக்குப் போகக்கூடாது, மண்ணிலும் சேற்றிலும் இறங்கக்கூடாது, காலில் செருப்பு இல்லாமல் நடக்கக்கூடாது.

இதைச் சொன்ன டாக்டருக்குத் தான் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து வைத்தியலிங்கம் கூடத்துக் கட்டிலில் கைதி. செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று தனக்கொடி போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வாள். வயலை நாகராஜன் பார்த்துக்கொண்டான். அவனும் அதே ஊரில் பெண் கட்டிக் குடிவந்துவிட்டவன். சொந்தக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒடம்பு எப்படி இருக்குது?" என்பார்கள். கேள்வி அவரைப் பார்த்துத்தான். பதில் அடுப்படியிலிருந்து வரும்.

வீட்டில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் கட்டி என்றாகிவிட்டது. அவர் இருமினால் கட்டி. முழங்கால் வலித்தால் கட்டி. டிவி பார்க்காமல் சுவரைப் பார்த்தால் அதுவும் கட்டி. ஐப்பசியில் இன்னொன்று சேர்ந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கொல்லைக் கோடியில் இருக்கும் பாத்ரூமுக்குப் போனால் அவர் வெளியே வர வெகு நேரமானது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனக்கொடி கவலையோடு போய் டாக்டரிடம் சொன்னாள். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைக் கொடுத்தும் பாத்ரூம் குறையவில்லை. அப்படியானால் வயிற்றுக்கடுப்பாக இருக்குமோ என்று அதற்கு ஒரு மருந்து. இரண்டையும் அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

தீபாவளி கழிந்து நல்ல மழை பிடித்தது. அதோடு காய்ச்சலும் வந்தது. அதே சாயங்காலக் காய்ச்சல், அதே வேர்வை, அதே இளைப்பு. கழுத்தில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் ஒரு வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. "வயித்துல ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"தெனமும் மத்தியானம் பாத்ரூம்லியே குடியிருக்கறாருங்க. பாத்தா பயமா இருக்குது" என்றாள் தனக்கொடி.

வியாதி திரும்பிவிட்டது, வயிறு வரைக்கும் போயிருக்கிறது என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போனது. முன்பு ஏற்றியதைவிடக் கடுமையான மருந்து திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவானது. உடம்பு தாங்குமா என்று புகழ் கேட்டதற்குப் பெரிய டாக்டர் பதில் சொல்லாமல் அவன் தோளைத் தட்டினார். தனக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் இன்னும் அதிகமாகப் பேசினாள். வாயை மூடினால் அழுகை வந்துவிடும் என்ற நிலைமை.

அந்த வாரம் வார்டுக்குப் புதிதாக வந்தவர் டாக்டர் கல்பனா. முப்பது வயசிருக்கும். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கழுத்து வீக்கத்தைத் தொட்டார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் வைத்தியலிங்கத்தின் குதிகாலைக் கையில் எடுத்துக்கொண்டார். குதிகாலெல்லாம் வெடிப்பு. ஒரு வெடிப்பு புண்ணாகி ஆறியும் ஆறாமலும் இருந்தது.

"ஐயா, வயலுக்குப் போனீங்களா?"

"ஆடியிலேருந்து வாசப்படி தாண்டலிங்க. நான் வுடுவனா?" என்றாள் தனக்கொடி.

"மழையில சேத்துல எங்கயாவது இறங்கினீங்களா ஐயா?"

"கட்டில வுட்டு எறங்கனாவே நான் பின்னாடி போறங்க. பாத்ரூமுக்கு மட்டுந்தான் தனியா போவாரு."

"கால்ல இந்தப் புண்ணு எப்ப வந்துச்சு ஐயா?"

"அது பித்தவெடிப்புங்க. அவுங்க குடும்பத்துலியே உண்டு. அவுங்க அப்பாவுக்கு இத்தன பெருசு இருக்கும்."

கல்பனா மூன்று கேள்வியையும் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் வாய் லேசாகத் திறந்தது, இவள் பதில் வந்ததும் மூடிக்கொண்டது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"அம்மா, நீங்க கேன்டீன்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் டீ குடிக்கறதில்லிங்க."

"அப்ப காப்பி குடிங்க. நான் ஐயாகிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும். குறுக்க யாரும் பேசக்கூடாது."

தனக்கொடியை இந்த மாதிரி யாரும் இதுவரை வெளியே அனுப்பியதில்லை. கோபம்கூட உடனே வரவில்லை, அவ்வளவு திகைப்பு. பச்சைத் துணி மறைப்பை இழுத்து மூடினார்கள். அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கம், அடுத்த கட்டிலில் இருந்த சூசைநாதன் என்கிற பெரியவரின் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள். சூசைநாதனுக்கு இரண்டு வாரமாகப் பொழுது போகாமல் இருந்தது. அவர் சந்தோஷமாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

மறைப்புக்குள்ளே சத்தமில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கல்பனா அவசரப்படவில்லை. பதில் தெரிந்த தனக்கொடிக்கு இங்கே நாக்கு துடித்தது. சூசைநாதன் பொறு பொறு என்று கையைக் காட்டினார்.

"போனன்" என்றது வைத்தியலிங்கத்தின் குரல்.

"எங்க ஐயா?"

"வயலுக்கு."

"எப்ப?"

"பாத்ரூமுக்கு போறப்ப."

டாக்டருக்குப் புரியவில்லை. தனக்கொடிக்கும் புரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுசாக விளக்கினார்.

"பாத்ரூமு கொல்லக் கோடில இருக்குது. அதுக்குப் பின்னாடி படல். கொழாவ தெறந்து பக்கெட்டுல வுட்டுட்டு, கதவ சாத்திட்டு, படலத் தள்ளிக்கினு போயிடுவன். தண்ணி சத்தம் கேட்டா அவ தேட மாட்டா."

"வெறுங்காலோடயா?"

"செருப்பு வாசல்ல இருக்குதான்னு பாப்பா."

"சேத்துல இறங்கினீங்களா?"

"எறங்காம இன்னா. மழத்தண்ணி நின்னுச்சி, மடைய வெட்டி வுடணும். நாகராசு வெட்டனா கோணலா வெட்டுவான். ஒரு நாளு மம்முட்டி பட்டுச்சி குதிகால்ல. கொஞ்சோண்டுதான்."

"அப்ப அந்த வயித்து மருந்தெல்லாம்?"

"குடிச்சன்."

"உங்களுக்கு வயித்துல ஒண்ணும் இல்லையே ஐயா."

"வேணாம்னா ஏன்னு கேப்பா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடிச்ச அன்னிக்கெல்லாம் வயலுக்கு போவ முடியல. நெசமாவே உள்ளதான் இருந்தன்" என்று சேர்த்துக்கொண்டார்.

சூசைநாதன் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். தனக்கொடி சிரிக்கவில்லை. பக்கெட்டில் விழுந்த அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை அவள் எத்தனை நாள் அடுப்படியிலிருந்து கேட்டு, பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். தேங்காய்கூட உடைத்திருக்கிறாள்.

"அவங்க அவ்வளவு சொல்லியும் ஏன் ஐயா போனீங்க?" கல்பனாவின் குரலில் கோபம் இல்லை.

"கேன்சருன்னு எனக்கு தெரியும்மா. வெளியிலியே பலகைல போட்டிருக்குது. அவ பாவம், மறைச்சினு நிக்கறா, நான் எதுக்கு தெரிஞ்ச மாரி காட்டிக்கணும். ஆனா வூட்ல இருக்க முடியல. வரவன் போறவன்லாம் என்ன பொணத்த பாக்கறாப்புல பாக்கறான். அவ வெடிஞ்சதுலேருந்து பேசினே இருக்கறா. இன்னா துன்னன், எவ்ளோ துன்னன், எத்தினி தரம் வெளிக்கி போனன்னு ஊருக்கே சொல்றா. வயல்ல அவ கொரலு கேக்காது. அதுக்காகத்தான் போனன்."

மறைப்புக்கு இந்தப் பக்கம் தனக்கொடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சூசைநாதனுக்கு இப்போது சிரிப்பு போய்விட்டது. அவர் ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதை முதல்லியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் டாக்டர்.

"என்ன யாரும் கேக்கலியேம்மா."

கல்பனா பெரிய டாக்டரிடம் போய்ப் பேசினார். பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மருந்தை நிறுத்தச் சொன்னார். பிறகு தனக்கொடியையும் புகழையும் உட்கார வைத்துக் கல்பனா பொறுமையாகச் சொன்னார். சேற்றிலும் மழைத்தண்ணீரிலும் ஒரு கிருமி இருக்கிறது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு, காலில் ஒரு கீறல் இருந்தால்கூட உள்ளே போய்விடும். போனால் காய்ச்சல், வேர்வை, இளைப்பு, நெறிகட்டு, மண்ணீரலில் சீழ். புற்றுநோயும் இதையேதான் செய்யும்.

"ரெண்டு பேரு ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா எப்படிம்மா அடையாளம் தெரியும்? முன்னாடி வந்தவர்தான் திரும்ப வந்திருக்காருன்னு நினைச்சிட்டோம். பாத்ரூம் கதையும் சேர்ந்துச்சு, வயித்துலயும் வந்துடுச்சுன்னு முடிவே பண்ணிட்டோம்."

"அப்ப கிருமிதானுங்களா மேடம்?" என்றான் புகழ்.

"இன்னும் தெரியாது. கழுத்து வீக்கத்துல ஊசி போட்டு உள்ளே இருக்கறதை எடுத்து லேபுக்கு அனுப்பறோம். இந்தக் கிருமியைத் தேடுங்கன்னு சொல்லி அனுப்பணும், சொல்லாட்டி லேப்ல சாதாரணக் கிருமின்னு ஒதுக்கிடுவாங்க. முடிவு வர சில நாள் ஆகும். அதுவரைக்கும் கிருமிக்கு ஊசி போடறோம். கிருமி இருக்கற உடம்புல அந்தக் கடுமையான மருந்தை ஏத்தியிருந்தா தாங்கியிருக்காது. ஆனா ஒருவேளை புற்றுநோயாவே இருந்தா, இப்ப நாம காத்திருக்கற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ரெண்டுமே இருந்தாலும் இருக்கலாம். பொய் சொல்லி ஆறுதல் சொல்ல மாட்டேன்மா."

வழக்கமாக இந்த இடத்தில் தனக்கொடியிடமிருந்து முப்பது கேள்வி வரும். ஒன்றும் வரவில்லை. அவள் எழுந்து போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. கஞ்சியைக் கலக்கிக் கொடுத்தாள், முதுகைத் துடைத்துவிட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அவளுக்குக் கோபம்தான். மூன்று வேளையும் மாத்திரையை எண்ணிக் கொடுத்தவளை ஏமாற்றிவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து அறுத்தது. அவர் கேள்விக்கெல்லாம் இவள் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், ஒரு டாக்டராவது முன்னமே அவரைக் கேட்டிருப்பாரே. என் குரலுக்குப் பயந்தல்லவா சேற்றில் போய் நின்றார். இதை யாரிடம் சொல்லி அழுவது? சொல்வதற்கும் பேச வேண்டும்.

வார்டே கலங்கிப்போனது. இவள் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று முன்பு புகார் சொன்ன நர்சுகூட, "இன்னாச்சிம்மா, சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள். புகழ் கல்பனாவைத் தனியாகப் பிடித்து, "மேடம், எங்கம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சி. ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடுங்க" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாகராஜன் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவன் சமாளித்திருப்பான். பிறந்ததிலிருந்து வாங்கிய பழக்கம். அவள் சும்மா பார்ப்பது அவனுக்குப் புதுசு.

"யக்கா, மாமா வயலுக்கு வந்தது எனக்கு தெரியும். உங்கிட்ட சொல்லாதன்னு மாமா சொன்னாரு" என்றான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாயால சொல்லல. கையக் காட்டனாரு" என்றான்.

அதற்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மம்முட்டியும் நான்தான் குடுத்தன்" என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆப்பிளை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடிப்போனான்.

காய்ச்சல் ஒரு நாள் குறைந்தது, மறுநாள் ஏறியது. யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. வைத்தியலிங்கம் மல்லாந்து படுத்து, தனக்கொடியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தன்னைப் பார்க்கிறபோது மின்விசிறியைப் பார்த்தார்.

புதன்கிழமை மத்தியானம் கல்பனா அவளை வெளியே கூப்பிட்டார். தனக்கொடி போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தெரியும். நீ சொல்ல வேணாம்" என்றார். "உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

தனக்கொடி வாயை மூடிக்கொண்டாள்.

"புகழுகிட்ட சொல்லு. மேல காணில அடுத்த வருசம் கரும்பு வெக்க வேணாம், தண்ணி பத்தாது. செவலைய நாகராசுக்கு குடுக்காத, அவன் மாட்ட அடிப்பான். மோட்டாருக்கு மழையில கரண்டு கசியுது, நீ தொடாத." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட நான் சொன்னத நீ கேட்டுனுதான் இருந்த. மறைப்புக்கு கீழ உன் காலு தெரிஞ்சிச்சி. மெட்டியப் பாத்தன். பாத்துட்டும் சொல்லிட்டன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"பாதிதான் சொன்னன். வயல்ல போயி நின்னா மொதல்ல நல்லாதான் இருக்கும். அப்பறம் ஏதோ கொறையறாப்புல இருக்கும். இன்னான்னு தெரியாது. மடைய வெட்டிட்டு திரும்பி வரப்ப, படலாண்ட வந்தா உன் கொரலு கேக்கும். மருமவ கூடவோ பால்காரன் கூடவோ கத்தினு இருப்ப. அப்பதான் உசுரு இருக்குதுன்னு இருக்கும். அதுக்காகவும்தான் போனன்னு வெச்சிக்கயேன், திரும்பி வரதுக்கு." அவருக்கே தான் சொன்னது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்தி யோசித்தார். "உன்ன நான் ஒரு எடத்துக்கு கூட்டினு போனதில்ல. நல்லா இருக்கறன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். கேசரி வாயில இருந்துச்சி."

சூசைநாதன் பக்கத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெரிய மனிதர்.

"நீ இத்தினி நாளா வாய மூடினு இருக்கற. எனக்கு பயமா இருக்குது, தனக்கொடி. சாவறதுக்கு இல்ல. இந்த சத்தமில்லாம இருக்குது பாரு, அதுக்கு. ஏதாச்சும் பேசு. திட்டு. எது வேணும்னாலும்."

அவ்வளவுதான். அவரிடம் இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. தனக்கொடி இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். வராது என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"கிருமியாம்" என்றாள். பல நாள் பேசாததால் குரல் கட்டியிருந்தது. "மண்ணுல இருக்கற கிருமிதானாம். சீழுல அதுதான் வந்திருக்குதாம், கேன்சரு ஒரு பொட்டுகூட இல்லியாம். இன்னும் ரெண்டு வாரம் ஊசி, அப்பறம் சில மாசம் மாத்திர. வூட்டுக்கு போயிடலாமாம்."

அவர் அவளையே பார்த்தார். மெதுவாகக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"எப்ப சொன்னாங்க?"

"இப்பதான். வெளிய கூப்புட்டாங்களே, அப்ப."

"அப்ப நான் பேச ஆரம்பிக்கறதுக்கு மின்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிமா சொல்லாம உக்காந்துனு இருந்த? நான் சாவப்போறவனாட்டம் மாட்டுக்கும் மோட்டாருக்கும் வழி சொல்லினு இருக்கறன்."

தனக்கொடி போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள்.

"நீங்க இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லிங்க" என்றாள். "நடுவுல சொன்னா நிறுத்திடுவீங்களேன்னுதான் சும்மா இருந்தன்."